பின்னறைத் தீர்மானம்

சுஜீதனிடம் கேள்வியைக் கேட்டுவிட்டு எல்லோரும் கண்களை மூடிக்கொண்டார்கள். மூடாமல் இருந்தவர்கள் இரண்டு பேர்தான். ஒருவன் சுஜீதன், எழும்பிப் போ என்று எந்த நேரமும் சொல்லிவிடுவார்கள் என்பதுபோல முன்வரிசைக் கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தான். மற்றவள் யோகா. மேசைக்குப் பின்னால், திறந்திருந்த மடிக்கணினிக்கு முன்னால் இருந்தாள். கேள்வி கேட்டவர் மார்கரெட். கட்டடக் குழுவின் பொறுப்பாளர், ஓய்வுபெற்ற ஆசிரியை, யாரிடமும் குரலை உயர்த்தியறியாதவர். "இந்த மாற்றத்தில் உன் மனம் அமைதியாக இருக்கிறதா, சுஜி?" என்று ஆங்கிலத்தில், அத்தனை கனிவாகக் கேட்டிருந்தார். ஒரு மனிதனை வீட்டைவிட்டு எழுப்பும்போது பெயரையும் சுருக்கிக் கூப்பிட வேண்டுமா என்று யோகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாற்றம் என்று அவர்கள் சொன்னது இதுதான். மௌனமாக இருந்து வழிபடும் குவேக்கர் என்ற கிறிஸ்தவ சபையின் மண்டபம் இது; அதன் குசினிக்குப் பின்னால் ஓர் அறை இருக்கிறது. படகில் வந்து, தடுப்பு முகாம்களில் வருடக்கணக்காகக் கிடந்து, இன்றும் தற்காலிக விசாவில் இழுபட்டுக்கொண்டிருக்கும் சுஜீதன் அந்த அறையில்தான் இருக்கிறான். இரவில் மரக்கறிச் சந்தையில் வேலை. பகலில் மண்டபத்தின் புல்லை வெட்டுவான், குப்பைவாளிகளைத் தெருவுக்கு இழுத்து வைப்பான். இப்போது அந்த அறையில் சமாதான நூலகம் ஒன்று அமைக்கக் கட்டடக் குழுவுக்கு ஆசை. அவனுக்கு மாற்றிடமும் பார்த்துவிட்டார்கள். நகரத்துக்கு வெளியே ஒரு தொண்டு அமைப்பின் விடுதி. ஓர் அறையில் நாலைந்து பேர். சமாதானத்தைத் தேடிக் கடல் தாண்டி வந்தவனை எழுப்பிவிட்டு, அவன் படுத்த இடத்தில் சமாதானத்தைப் பற்றிப் புத்தகம் அடுக்கப்போகிறார்கள். இதில் இருக்கும் அநியாயம் இத்தனை படித்தவர்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

யோகா இவர்களோடு சேர்ந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. அவள் குடியிருக்கும் கிரவீனில் பக்கத்து வீட்டு அன்ரி இன்றைக்கும் அவள் வேதத்துக்கு, கிறிஸ்தவத்துக்கு, மாறிவிட்டதாகத்தான் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறா. வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் போய், ஞாயிற்றுக்கிழமை இங்கேயும் வருகிறவளை என்னவென்று சொல்வது என்று அவவுக்கும் தெரியவில்லை. புருசன் சிறிதரனுக்கு வேறு பகிடி. "கதைக்காமல் இருக்கிறதுக்கு ஏன் இவ்வளவு தூரம் கார் ஓடுறீர்? வீட்டில இருந்து செய்தா எனக்கும் நிம்மதி" என்பான். அவள் சிரித்துவிட்டுப் போய்விடுவாள். ஊரில் நடந்த போரின் சத்தத்திலிருந்து தப்பி வந்தவளுக்கு, பூசாரியும் பிரசங்கமும் இல்லாமல், ஒரு மணித்தியாலம் ஒருவரும் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் இருக்கிற இந்தச் சபை பிடித்துப்போயிற்று. அந்தப் பிடித்தத்தில் உண்மை இருந்தது. அதனால்தான் இன்று வந்த கோபம் இவ்வளவு பெரிதாக இருந்தது.

சில மாதங்களுக்கொருமுறை வட்டாரக் கூட்டம் கூடும்; இன்று நடப்பதும் அதுதான். நகரத்தைச் சுற்றியுள்ள நீலமலைப் பக்கம், வொலங்கொங், நியூகாசில் என்று சின்னச் சின்னக் குழுக்களிலிருந்து காரிலும் ரயிலிலும் வந்து சேருவார்கள். ஆளுக்கொரு சாப்பாடு கொண்டுவந்து நீள மேசையில் வைப்பார்கள். பூசணிச் சூப்புக்கும் கடலைச் சாலட்டுக்கும் நடுவில் யோகாவின் மரக்கறி ரோல்ஸ் முதலில் முடியும். சாப்பாட்டுக்குப் பிறகு தீர்மானங்கள். இவர்களிடம் வாக்கெடுப்பு கிடையாது. ஒருவர் எழுந்து பேசுவார், பிறகு மௌனம். இன்னொருவர் பேசுவார், பிறகு மௌனம். கூட்டத்தின் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று உணர்ந்து அதை அங்கேயே எழுதி, அங்கேயே வாசித்துச் சம்மதம் வாங்க வேண்டியது கிளார்க்கின் வேலை. இந்த வருடம் கிளார்க் யோகா. மேசையில் இருக்கும்வரை கிளார்க்குக்குச் சொந்தக் கருத்து இல்லை. இருந்தாலும் அதை விழுங்கிக்கொள்ள வேண்டும்.

அவள் விழுங்கிக்கொண்டுதான் இருந்தாள். மௌனம் நீண்டது. நீலமலையிலிருந்து வந்த தாடிக்காரப் பெரியவர் ஒருவர் எழுந்து, இந்த அறையில் இப்போது ஓர் ஆழ்ந்த அமைதி இறங்கியிருப்பதை உணர்வதாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். சிலர் தலையசைத்தார்கள். ஒரு பெண் கைக்குட்டையால் கண்ணை ஒற்றினாள். யோகா சுஜீதனைப் பார்த்தாள். அவனுடைய வலது முழங்கால் நிறுத்தாமல் ஆடிக்கொண்டிருந்தது. அமைதியாம். அவளும் ஒரு காலத்தில் குடிவரவு அதிகாரிக்கு முன்னால் இப்படித்தான் இருந்தாள், இதே மாதிரிக் கதிரை நுனியில். அப்போதும் அவர்கள் தண்ணீர் தந்தார்கள், கனிவாகத்தான் கேட்டார்கள். பயந்துபோய் வாயடைத்திருப்பவனைப் பார்த்து, கடவுள் வந்து இறங்கியிருக்கிறார் என்று மெய்சிலிர்ப்பதற்கு இந்த நல்லவர்களால்தான் முடியும்.

மார்கரெட் கண்ணைத் திறந்தார். நாங்கள் எல்லோரும் ஒருமனப்பட்டுவிட்டதாகத் தனக்குத் தோன்றுகிறது என்றார். அங்கங்கே ஆமோதிக்கும் முணுமுணுப்பு எழுந்தது. எல்லா முகங்களும் மேசைப் பக்கம் திரும்பின. யோகாவின் விரல்கள் பழக்கத்தில் தாமாகவே தட்டத் தொடங்கின. பின்னறையைச் சமாதான நூலகமாக்கக் கூட்டம் தீர்மானிக்கிறது. சுஜீதனும் மன அமைதியோடு இதற்கு உடன்படுகிறார் என்பதை நன்றியோடு... அந்த இடத்தில் விரல்கள் நின்றன. நன்றியோடு என்ற சொல்லைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு நெஞ்சு கொதித்தது. கிளார்க் செய்யக்கூடாத காரியத்தைச் செய்தாள். மேசையில் இருந்தபடியே, அத்தனை பேருக்கும் நடுவில், தமிழில் கேட்டாள்.

"தம்பி, அவை கேட்டது விளங்கினதோ?"

"விளங்கினது அக்கா."

"பிறகேன் ஒண்டும் சொல்லாமல் இருக்கிறியள்?"

அவன் அவளைப் பார்க்கவில்லை, மடிக்கணினியைப் பார்த்தான். "நீங்கள் எழுதுறியள்தானே" என்றான். "வந்து இறங்கின நாளில இருந்து நான் சொன்ன எல்லாத்தையும் எழுதினவை. எழுதின ஒவ்வொரு சொல்லும் பிறகு எனக்கு எதிராத்தான் வந்தது. எழுதுற ஆள் இருக்கிற இடத்தில நான் வாய் திறக்கமாட்டன்."

யோகாவுக்குக் கன்னத்தில் அறை விழுந்ததுபோல இருந்தது. ஆனாலும் இப்போது அதற்கு நேரம் இல்லை. மடிக்கணினியை மூடினாள். ஒரு விஷயம் பாதியில் நிற்கும்போது கிளார்க் அதை மூடியதை அங்கே ஒருவரும் கண்டதில்லை.

"இப்ப சொல்லுங்கோ."

"எனக்குப் போக விருப்பமில்லை." சொல்லிவிட்டு, காதில் விழாதவர்களுக்குச் சொல்வதுபோல இன்னொருதரம் சத்தமாகச் சொன்னான். "முகாமில எல்லாக் கதவும் வெளியாலதான் பூட்டுறது, அக்கா. உள்ளால பூட்டுற கதவு எனக்கு இஞ்சதான் கிடைச்சது. இனி ஆரோடயும் ஒரே அறையில படுக்க என்னால ஏலாது."

யோகா அதை ஆங்கிலத்தில் சொன்னாள். ஒரு சொல் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. மார்கரெட்டின் முகம் சிவந்துபோயிற்று. எங்களிடம் முன்பே சொல்லியிருக்கலாமே, நாங்கள் எத்தனை தரம் கேட்டோம் என்றார். அவருக்கு உண்மையாகவே மனம் நொந்துவிட்டது. தன் மனம் நொந்ததைப் பற்றித்தான் முதலில் பேசினார். பிறகு தாடிக்காரப் பெரியவர் எழுந்தார். சுஜியின் வேதனையை நாம் அன்போடு நெஞ்சில் ஏந்திக்கொள்வோம் என்றார். ஆனாலும் சுஜி சபை அங்கத்தவர் அல்லவே. மண்டபத்தைப் பற்றி முடிவெடுக்கும் பொறுப்பு அங்கத்தவர்களுடையது என்பதை மென்மையாக நினைவூட்ட விரும்புவதாகவும் சொன்னார்.

மென்மையாக. அந்தச் சொல்லோடு யோகாவுக்கு இருந்த கொஞ்சப் பொறுமையும் போயிற்று. இவர்கள் கத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருக்கலாம். கெட்டவர்களாக இருந்தால் வெறுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். நீங்கள் கோபப்பட்டால் உங்களையே அற்பமாக உணரவைக்கும் இந்தக் கனிவை என்ன செய்வது? அவள் எழுந்து நின்றாள்.

"ஒரு மனிதனுடைய பயத்தைப் பார்த்துவிட்டு, அதை அமைதி என்று எழுதச் சொன்னீர்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். "நானும் எழுதத் தொடங்கினேன். அவர் அங்கத்தவர் இல்லையென்றால், நான் அங்கத்தவர். இந்தத் தீர்மானத்துக்கு என் மனம் ஒப்பவில்லை. நான் விலகி வழிவிடவும் மாட்டேன்."

அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். ஓர் அங்கத்தவர் இப்படி எழுந்து நின்றுவிட்டால், அவரைத் தாண்டிக்கொண்டு போவது இவர்கள் வழக்கமில்லை. கருத்துச் சொன்ன கிளார்க் மேசையில் இருக்கக்கூடாது என்பதும் அவளுக்குத் தெரியும். ஆகவே மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து, சுஜீதனுக்குப் பக்கத்தில் இருந்த கதிரையில் உட்கார்ந்தாள். அவன் குனிந்து, "அக்கா, உங்களுக்கு ஏன் இந்தப் பிரச்சினை?" என்று மெதுவாகக் கேட்டான். பேசாமல் இருங்கோ என்று சொல்ல வாயெடுத்தவள், வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டாள்.

இப்போது மேசைக்குப் போக வேண்டியவர் துணைக் கிளார்க்கான கேத்ரின். பினாங்கில் பிறந்த தமிழ்ப் பெண், பல் மருத்துவர். தமிழ் பேசக் கூச்சப்படுவார்; ஆனால் ஒரு சொல் விடாமல் விளங்கும். கிளார்க் இல்லாமல் எதையும் எழுத முடியாது. எழுதாதது தீர்மானமும் ஆகாது. மார்கரெட் பின்வரிசைப் பக்கம் திரும்பி, "கேத்ரின்?" என்றார். கேத்ரின் அசையவில்லை. மார்கரெட் இன்னொருதரம், கொஞ்சம் கூர்மையாகக் கூப்பிட்டார். அந்தக் குரல் அவரிடம் இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் எல்லோரும் அறிந்தார்கள்.

கேத்ரின் எழுந்தார். கைப்பையைத் தோளில் மாட்டினார். பிறகு தான் இருந்த கதிரையின் முதுகைப் பிடித்து, தூக்காமல், வரிசைகளுக்கு நடுவே பலகைத் தரையில் அதை இழுத்துக்கொண்டு முன்னே வந்தார். கதிரைக் கால்கள் மண்டபத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக் கிறீச்சிட்டன. சிலர் காதைப் பொத்தினார்கள். மேசையைத் தாண்டி, சுஜீதனின் மறுபக்கத்தில் கதிரையைப் போட்டார். அவன் ஆடிக்கொண்டிருந்த முழங்காலை ஒடுக்கி அவருக்கு இடம் விட்டான்.