தெரசக்காவுக்கு ஒரு சேதி

எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் என் வீட்டுக்காரர் சந்தியாகுவின் பேர் எழுதி வெகுகாலம் ஆகிறது. ஆள் உயிரோடுதான் இருந்தார். மூத்த தாரம் தெரசம்மாள் இறந்தபோது இரண்டு பேருக்குமாகச் சேர்த்தே கல்லறை கட்டி, தன் பேரையும் பிறந்த தேதியையும் வெட்டச் சொல்லிவிட்டார். இறந்த தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. அதற்கப்புறம்தான் என்னைக் கட்டினார். வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு அந்தக் கல்லைத் தேய்த்துக் கழுவி, செவ்வந்தி மாலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றுகிறவள் நான்தான். சாமியார் வந்து தீர்த்தம் தெளிக்கும்போது பக்கத்தில் நிற்கிற இவர் மேலேயும் நாலு சொட்டு விழும். எனக்குச் சிரிப்பு வரும். அவருக்கு வராது.

கறம்பக்குடியிலிருந்து புதுக்கோட்டை போகிற பஸ்ஸில் அவர் டிரைவர். வழியெல்லாம் ஜனங்கள் கைகாட்டி நிறுத்துவார்கள். மகள் வீட்டுக்கு முருங்கைக்காய், ஆஸ்பத்திரியில் கிடக்கிறவருக்குக் கஞ்சித் தூக்கு. சாமான் இல்லாவிட்டால் வாய்ச் சேதி. செல்போன் வந்த பிறகும் இது நிற்கவில்லை. அவரிடம் சொன்னால் போய்ச் சேர்ந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரியும்.

போன வருஷம் இருதயம் ஓய்ந்துபோய்விட்டது, இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். கூடத்தில் கட்டில் போட்டோம். மூத்த தாரத்தின் மகள் ஜெசிந்தா கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தாள். ஒரு காலையில் இளைய சாமியார் அவஸ்தை பூச வந்தார். சாகக் கிடக்கிறவருக்கு மந்திரித்த எண்ணெய் பூசுவதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

"இப்ப வேணாம் சாமி" என்று இவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கு விளங்கவில்லை. ஞாயிறு பூசையைத் தவறவிடாத மனிதர். மோட்சம் இருக்கிறது என்பதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. புதுக்கோட்டை இருக்கிறதா என்று யாராவது சந்தேகப்படுவார்களா? ஆனால் இவர் பயந்துகொண்டே அங்கே போய் இறங்கக் கூடாது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

"ஏங்க வேணாங்கிறீங்க? என்னன்னு சொல்லுங்க" என்றேன்.

சுவரைப் பார்த்தபடியே சொன்னார். "தெரசா சாகும்போது, நீ முன்னால போ, நான் வந்துர்றேன்னு வாக்குக் குடுத்தேன். ஒன்னையக் கட்டுனப்ப, ஒன்னைய விட்டு எங்கிட்டும் போக மாட்டேன்னு ஒனக்கும் குடுத்தேன். அங்க போய் எவ பக்கத்துல நிக்கிறது? யாருக்குப் பொய் சொல்றது?"

சாமியாருக்கு முகம் தெளிந்தது. "இதுக்கா கவலைப்படுறீங்க? அங்க பொண்ணு கொள்வதும் கொடுப்பதும் கிடையாதுன்னு ஆண்டவரே சொல்லியிருக்காருங்க. எல்லாரும் சம்மனசுங்க, அதான் தேவதூதருங்க மாதிரிதான் இருப்போம்."

"அப்ப அவளும் யாரோ, இவளும் யாரோவா? அந்த எடத்துக்கு நான் எதுக்கு சாமி வரணும்?"

பாவம், சின்ன வயசுச் சாமியார், எண்ணெய்ச் சிமிழை மூடிப் பைக்குள் வைத்தார். சாயந்தரம் வருகிறேன் என்று போய்விட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருஷமும் இதையா உள்ளே வைத்துப் புழுங்கினார்! திட்டத்தான் வாயெடுத்தேன். தொட்டிலில் குழந்தை சிணுங்கியது. அதைப் பார்த்ததும் வாயில் வேறு வார்த்தை வந்தது.

"அக்காவுக்கு ஒரு சேதி இருக்கு. கொண்டுபோவீங்களா, மாட்டீங்களா?"

தலை திரும்பியது. "என்ன சேதி?" பஸ் ஜன்னலில் கேட்கிற அதே குரல்.

"ஜெசிந்தாவுக்குப் பொண்ணு பொறந்திருக்கு. போட்டோவுல இருக்கிற அக்கா நெத்தி அப்படியே அதுக்கு. பிரசவ மருந்து நானே இடிச்சுக் குடுத்தேன், ஒரு கொறையும் வைக்கலன்னு சொல்லுங்க."

"அவ ஒன்மேல கோவிச்சுக்க மாட்டாளா?"

"எதுக்குக் கோவிக்கிறாங்க? தெனம் செபமாலையில அவங்க பேரைச் சொல்றவ நானு. ஒங்களை விட அவங்களுக்கு என்னையத்தான் நல்லாத் தெரியும்."

அவர் கண்ணை மூடி, உதட்டை அசைத்து, சேதியை ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்தார். ஜெசிந்தா அழுதுகொண்டே பக்கத்தில் வந்தாள். "சித்தி என்னைய அடிச்சதே இல்லன்னு அம்மாகிட்ட சொல்லுங்கப்பா."

"ரெண்டு தடவை அடிச்சிருக்கேன். பொய் சொல்லி அனுப்பாதடி."

அவர் சிரித்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு.

அடுத்த வீட்டுப் பிச்சையம்மாள் இதைக் கேட்டுவிட்டு வந்தாள். அவர்கள் எங்களைப் போல வேதக்காரர்கள் இல்லை. "எங்க வீட்டுக்காரரு அங்கிட்டு இருக்காரோ எங்கிட்டு இருக்காரோ. கண்ணுல பட்டா, வயலை விக்கலைன்னு சொல்லுங்கண்ணே" என்றாள். "தேடிப் பாத்துச் சொல்றேம்மா" என்றார் இவர். மத்தியானத்துக்குள் வாசலில் கூட்டம் கூடிவிட்டது, பஸ் ஸ்டாப் போல. ஒவ்வொருவர் சேதியையும் கேட்டு, திருப்பிச் சொல்லி, தலையை ஆட்டி வாங்கிக்கொண்டார்.

சாயந்தரம் சாமியார் வந்தார். இவரே கையை நீட்டிக் காட்டினார். நெற்றியிலும் உள்ளங்கையிலும் எண்ணெய் பூசி முடித்த சாமியார், எழுந்து போகாமல் இவர் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். 'அம்மா' என்பது மட்டும் என் காதில் விழுந்தது. "சொல்லிர்றேன் சாமி" என்றார் இவர். நான் பாத்திரம் எடுப்பதுபோல உள்ளே போய்விட்டேன்.

எல்லோரும் போன பிறகு என்னைக் கூப்பிட்டார். "ஒனக்கு என்ன வேணும்?"

"எனக்கு ஒரு துண்டு போட்டு எடம் பிடிச்சு வைங்க. நான் பின்னால வாரேன்."

"எம் பக்கத்துலயா?"

"எதுக்கு? அக்கா பக்கத்துல போடுங்க. ஒங்களை எப்படிச் சமாளிச்சாங்கன்னு அவங்ககிட்டக் கேக்கணும், பேச எவ்வளவோ கெடக்கு. நீங்கதான் டிரைவராச்சே, முன்னால தனியா உக்காருங்க."

சிரிப்பில் அவருக்கு மூச்சு வாங்கியது. என் கையைப் பிடித்துக்கொண்டார். என் மனுஷனைப் பிரியப் போகிறேன் என்று எனக்கு அப்போது நெஞ்சு வலித்தது. ஆனால் அவர் முகத்தில் பயம் தெரியவில்லை.

மறுநாள் காலைப் பூசைக்கு மணி அடிக்கும்போது போய்விட்டார். பெட்டியை மூடுவதற்கு முன்னால், அவர் தோளிலிருந்த துண்டை ஜெசிந்தா நினைவுக்கு வைத்துக்கொள்ள எடுத்தாள்.

"அதை அவர் தோள்லயே போடுடி" என்றேன்.

"ஏன் சித்தி?"

"எனக்கு எடம் பிடிக்க வேணாமா?"