விரிப்பக்காவின் வயிற்றெரிச்சல்

ஊர் அறக்கட்டளை தன் முதல் வருட உதவியை அறிவித்த சனிக்கிழமை காலை பதினொன்றேகாலுக்கு விரிப்பக்காவின் வயிற்றில் தீப்பிடித்தது. கூட்டத்தில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கண்ணாடிக் கடைக்காரர், தன் சட்டையின் ஒரு கை மட்டும் வியர்வையில் தொப்பலாக நனைந்ததைப் பிற்பாடு எல்லோரிடமும் சொன்னார். முன்வரிசைக்காரர் முதுகில் வெயில் அடிப்பதாக நினைத்து நாற்காலியை இரண்டு தடவை நகர்த்திப் போட்டார். விரிப்பக்கா மற்றவர்களோடு சேர்ந்து எழுந்து நின்று கைதட்டினாள். வீட்டுக்கு வந்து ஒரு சொம்பு தண்ணீர் குடித்தாள். குடித்தது இரண்டு காது வழியாகவும் ஆவியாக வெளியே போனது.

விரிப்பக்கா என்பது ஊர் வைத்த பெயர். பெரிய ஆஸ்பத்திரியில் இருபது வருடம் வார்டு உதவியாளராக இருந்தவள். படுத்த படுக்கையாகிவிட்டவர்களை வீட்டுக்கு அனுப்பும்போது மருந்துச் சீட்டு கொடுக்கிறார்கள், ஆனால் ஒரு நாளைக்கு மூன்று தடவை நனைகிற விரிப்பை யார் துவைப்பது என்று ஒருத்தரும் சொல்வதில்லை என்பது அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. வேலையை விட்டாள். மாமனார் கட்டிய வீட்டின் மாடியில் மூன்று பழைய வாஷிங் மெஷின்களைப் போட்டு, அப்படிப்பட்ட வீடுகளின் விரிப்புகளை இலவசமாகத் துவைத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். பதினோரு வருடத்தில் நாற்பது வீடுகள் சேர்ந்தன. அதே வீட்டின் கீழ்ப்பகுதியில் அவளுடைய ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி, குடியிருந்தாள். ஊருக்கு அவள் இளையவள். பக்கவாதம் வந்து கைகால் விழுந்தவர்களை நடக்கப் பழக்கும் கூடம் ஒன்றை முன்ஹாலில் நடத்தினாள். பிடித்து நடக்க இரண்டு கம்பிகள், ஆளுயரக் கண்ணாடி ஒன்று, வாரம் நாலு நாள் வந்துபோகும் ஒரு பிசியோதெரபிஸ்ட், அவ்வளவுதான். தொடங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. இரண்டு பேரும் ஒரே கேட்டைத் திறந்து மூடிக்கொண்டு பதினாறு வருடம் சண்டை சச்சரவு இல்லாமல் இருந்தார்கள். கீழ்வீட்டு ஃபேன் சத்தமே இல்லாமல் சுற்றுகிறது என்பதும், இளையவள் நட்ட கொடி மட்டும் பூக்கிறது என்பதும் மூத்தவளுக்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதில்லை.

அறக்கட்டளையை நடத்தியவர் முன்பு நில அளவைத் துறையில் இருந்தவர். சர்வேயரம்மா என்று சொல்வார்கள். எந்த அறைக்குள் நுழைந்தாலும் கைப்பையிலிருந்து டேப்பை எடுத்து நீள அகலம் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். ஊரில் நல்ல காரியம் செய்கிறவர்கள் நிறையப் பேர், ஆனால் ஒவ்வொருவரும் தனியாகச் செய்து தனியாகக் களைத்துப் போகிறார்கள் என்பது அவர் கணிப்பு. அதனால் ஊரார் கொடுப்பதையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து, முதல் பணத்தைத் தொடாமல், அது ஈட்டித் தருவதை மட்டும் வருடா வருடம் ஏதாவது ஒரு அமைப்புக்குக் கொடுப்பது என்று ஏற்பாடு. அது போக, வாரம் ஒரு வகுப்பு: பதிவேடு எழுதுவது எப்படி, கூட்டம் போடுவது எப்படி, உதவி கேட்டுக் கடிதம் எழுதுவது எப்படி. கொடுத்தவர்களின் பெயர்களை வாசல் சுவரில் கொடுத்த வரிசைப்படி ஒரே அளவு எழுத்தில் எழுதி வைத்தார். ஒரு கட்டடத்தையே எழுதிக் கொடுத்த இரும்புக் கடைக்காரரின் பெயர், ஒரு நாள் கூலியைக் கொடுத்த சாணை பிடிப்பவரின் பெயருக்குக் கீழே வந்தது. இரும்புக் கடைக்காரர் மறுபடி கொடுத்துப் பார்த்தார். பெயர் நகரவில்லை. அவருடைய போட்டிக் கடைக்காரர் இதைக் கேள்விப்பட்டு, இரும்புக் கடைக்காரருக்கு அடுத்த வரியையாவது பிடித்துவிட வேண்டும் என்று ஓடி வந்தார். முதல் வருடம் முப்பத்தொரு பெயர்கள், மூன்றாம் வருடம் நானூற்றுச் சொச்சம். பொறாமையால் இத்தனை நன்மை விளையும் என்று தான் அளந்து பார்த்ததில்லை என்றார் சர்வேயரம்மா.

முதல் வருட விண்ணப்பத்தில் விரிப்பக்கா எழுதியது இரண்டு வரி: ‘பதினோரு வருடமாகத் துவைக்கிறோம். வேண்டுமானால் வந்து பாருங்கள்.’ வகுப்புக்கும் அவள் போகவில்லை. இந்த வயதில் எனக்கு யார் என்ன சொல்லித் தருவது என்றாள். இளையவள் ஒரு வகுப்பு விடாமல் போய், ஒன்பது பக்கம் எழுதி, யார் எத்தனை அடி நடந்தார் என்று பட்டியலும் வைத்தாள். உதவி அவளுக்குப் போனதில் யாரையும் குறை சொல்ல முடியாது. விரிப்பக்காவும் சொல்லவில்லை. வயிறுதான் எரிந்தது.

டாக்டர் அவள் வாயில் வைத்த தெர்மாமீட்டர் உடைந்தது. ஸ்கேன் கறுப்பு வெள்ளைதான் என்றாலும், இரைப்பைக்குக் கீழே விரலளவு உயரத்தில் ஆடாமல் அசையாமல் எரிந்த தீ அதில் நீலமாகவே தெரிந்தது. சீட்டில் ‘வயிற்றெரிச்சல்’ என்று எழுதி, காரம் குறைக்கச் சொல்லி அனுப்பினார். பூட்டு ரிப்பேர் செய்யும் அவளுடைய கணவர் இரண்டு நாள் கவலைப்பட்டார். மூன்றாம் நாள் ஆறிப்போன டீயை அவள் பக்கத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். புடவை கருகவில்லை, வலியும் இல்லை. கீழே கம்பியைப் பிடித்துக்கொண்டு யாராவது ‘இன்னைக்கு ரெண்டு அடி கூட நடந்துட்டேன்’ என்று சொல்வது காதில் விழும்போதெல்லாம் தீ அரை விரல் ஏறும். அவ்வளவுதான்.

மழைக்காலத்தில்தான் இதன் பயன் தெரிந்தது. வழக்கமாக மாடியில் விரிப்பு காய மூன்று நாள் ஆகும். அந்த வருடம் அவள் துணிக்கொடிகளுக்கு நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். ஏழு நிமிடத்தில் எட்டுக் கொடியும் மொடமொடவென்று காய்ந்தன. நாற்பது வீடு எழுபதானது. அடுத்த கோடைக்குள் நூற்றறுபது. இரண்டாம் வருடம் அவள் வகுப்புக்கும் போனாள், முதல் வரிசையில், இளையவளுக்கு ஒரு நாற்காலி முன்னால். ‘உலர்த்தும் வசதி உண்டா?’ என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது. ‘உண்டு’ என்று எழுதினாள். சர்வேயரம்மா வந்து மாடியை அளந்தார், அவளிடமிருந்து எத்தனை அடி வரை சூடு போகிறது என்றும் அளந்தார். உதவி கிடைத்தது. அதில் ஒரு சின்ன வேன், புதிதாக இரண்டு மெஷின்கள், உதவிக்கு இரண்டு பெண்களுக்குச் சம்பளம். உலர்த்தும் மெஷினைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

தன் பெயரைக் கூட்டத்தில் வாசித்த அன்று விரிப்பக்காவின் தீ கடுகளவாகச் சுருங்கியது. மூன்று நாள் அவள் சந்தோஷமாக இருந்தாள். நாலாம் நாள் மழை பிடித்தது. நூற்றறுபது வீட்டு விரிப்புகள் கொடியில் சொட்டிக்கொண்டு நின்றன. அவள் நடுவில் உட்கார்ந்தாள். ஒன்றும் காயவில்லை. ‘அக்கா, அப்பாவுக்கு முதுகுல புண்ணு வர ஆரம்பிச்சிடுச்சு. இன்னைக்கும் ஈரமா?’ என்று ஒரு பெண் போனில் கேட்டாள். விரிப்பக்கா போனைக் கணவர் கையில் கொடுத்தாள். பிறகு, பொறாமைப்பட உட்கார்ந்தாள். எதிர்வீட்டுப் புதுக் கேட்டைப் பார்த்தாள். கூட வேலை பார்த்தவளின் மகள் வெளிநாட்டில் வீடு வாங்கியதை நினைத்தாள். கணவரும் தன் பங்குக்கு சொந்தக்காரர்களின் கார்களையும் நகைகளையும் வரிசையாகச் சொன்னார். ‘நல்லா இருக்கட்டும்னுதாங்க தோணுது’ என்றாள், அழுகிற குரலில்.

மறுநாள் காலை இளையவள் மாடிக்கு வந்தாள். சும்மா வரும் வழக்கம் இல்லாதவள். கொடிகளைப் பார்த்தாள், மூத்தவளைப் பார்த்தாள். பிறகு கைப்பிடிச் சுவரில் உதிர்ந்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே, ‘எங்களுக்குப் புதுக் கருவி ஒண்ணு வருதுக்கா. இந்த வட்டாரத்துலயே யார்கிட்டயும் இல்லாததாம்’ என்றாள். தீ குப்பென்று பற்றியது. அடுத்த நாள் பத்திரிகையில் கூடத்தின் படம் வரப்போகிறது என்றாள். அதற்கு மறுநாள் யாரோ மூன்று ஊர் தள்ளியிருந்து தேடி வந்ததாகச் சொன்னாள். தினமும் காலையில் பத்து நிமிடம், விரிப்பு காய்கிற அளவுக்கு. பெருமையடிக்கிறவர்கள் இப்படித் தலையைக் குனிந்துகொண்டு பேச மாட்டார்கள் என்பதை விரிப்பக்கா நாலாம் நாளே கவனித்துவிட்டாள். ஆனால் மனசுக்குத் தெரிந்தது வயிற்றுக்குத் தெரியவில்லை. அது பாட்டுக்கு எரிந்தது.

இருபதாம் நாள் நண்பகலில் கரண்ட் போய் ஐந்து மெஷின்களும் ஒரேயடியாக நின்றன. அப்போதுதான் கீழே சத்தமே இல்லை என்பது தெரிந்தது. ஊன்றுகோல் தட்டும் சத்தம் இல்லை, எண்ணிக்கை சொல்லும் குரல் இல்லை. விரிப்பக்கா இறங்கிப் போனாள். நடக்கும் கம்பியில் ஒரு குடை மாட்டியிருந்தது. இளையவள் தனியாக உட்கார்ந்து, சுத்தமாக இருந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

‘எல்லாரும் எங்கம்மா போனாங்க?’

‘பிசியோ வேற ஊருக்குப் போயிட்டாருக்கா. ரெண்டு மாசம் ஆச்சு. அவர் இல்லாம யாரையும் நிக்க வைக்க எனக்குப் பயமா இருக்கு. கொஞ்சம் கொஞ்சமா எல்லாரும் வர்றதை நிறுத்திட்டாங்க.’

‘அந்தப் புதுக் கருவி?’

‘இல்லக்கா.’

‘பத்திரிகைக்காரங்க?’

‘அதுவும் இல்ல.’

‘ஏன்டி என்கிட்ட சொல்லல?’

இளையவள் துணியை மடித்தாள். ‘சொன்னா உங்க பெட்ஷீட் காயாதேக்கா’ என்றாள்.

தீ முழுதாக அணைந்தது. விரிப்பக்கா தீப்பிடித்த நாளிலிருந்து முதல் தடவையாகக் கணவரிடம் போர்வை கேட்டாள். மறுநாள் காலை நனைந்த குடையோடு அறக்கட்டளைக்குப் போய், நாற்காலியில் உட்காராமலே, கீழ்வீட்டுக்கு ஒரு வழி பண்ணுங்கள் என்றாள். இந்த வருட உதவி முடிந்துவிட்டது என்றார் சர்வேயரம்மா. ஆனால் எழுந்து போய்ச் சுவரில் பெயர்களை விரலால் தடவிக்கொண்டே வந்து, இருநூற்றுப் பதினேழாம் வரியில் நின்றார். பிரசவத்துக்குப் பிறகு வேலையை விட்டிருந்த ஒரு பிசியோதெரபிஸ்ட், தன்னால் பணம் தர முடியாது, வாரம் பத்து மணி நேரம் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்திருந்தாள். அவளை இதுவரை யாரும் கூப்பிடவில்லை. ஆட்களை யார் அழைத்து வருவது என்ற கேள்வி வந்தது. விரிப்பு எடுக்கப் போகும் வீடுகளில் பாதி பக்கவாதக்காரர்கள் வீடுதான், வேனில்தான் இடம் இருக்கிறதே, அவர்களையும் ஏற்றிக்கொண்டு வரட்டும் என்றாள் விரிப்பக்கா. தன்னிடமுள்ள இரண்டு பெண்களும் காலையில் கீழே போய்த் தாங்கிப் பிடிப்பார்கள் என்றாள். சர்வேயரம்மா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு பேனாவை மூடினார்.

‘ஒண்ணு கேக்கணும். இது பாசமா, இல்ல அடுப்புக்கு விறகா?’

‘ரெண்டும்னு எழுதிக்கோங்க’ என்றாள் விரிப்பக்கா.

அவர் அப்படியே எழுதினார். அந்தக் காகிதம் இன்னும் கோப்பில் இருக்கிறது.

கூடம் சூடு பிடிக்க நாலு வாரம் ஆகும் என்று கணக்குப் போட்டு, அதுவரை ஈர விரிப்புகளை ஆளுக்குக் கொஞ்சம் வீட்டுக்கு எடுத்துப்போய் ஃபேனுக்கு அடியில் காயவைத்துத் தரும்படி அறக்கட்டளை ஊரைக் கேட்டது. இரும்புக் கடைக்காரர் பன்னிரண்டு எடுத்துப் போனார். அதைப் பார்த்துவிட்டுப் போட்டிக் கடைக்காரர் பதினைந்து எடுத்துப் போனார். மூன்றாம் நாள் தெருவில் ஃபேன் இருந்த எல்லா வீட்டிலும் யாரோ ஒருவருடைய விரிப்பு ஆடிக்கொண்டிருந்தது. சாணை பிடிப்பவர் வீட்டில் ஃபேன் இல்லை. அவரும் அவர் மனைவியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு விசிறினார்கள்.

கீழே ஊன்றுகோல் சத்தம் திரும்பியது. முதலில் மூன்று பேர், பிறகு ஒன்பது, மழை விடுவதற்குள் இருபத்தாறு. விரிப்பக்காவின் வயிறு ஒருநாள் காலை லேசாகக் கணகணத்தது. மாலைக்குள் பழைய உயரத்துக்கு வந்துவிட்டது. இளையவள் மாடிக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். பெருமையடிக்க உண்மையிலேயே விஷயம் வந்ததும் அவளுக்கு வாய் வரவில்லை. தேவையும் இருக்கவில்லை. மூத்தவளே ஒரு நாளைக்கு நாலு தடவை படியில் இறங்கி, கதவோரம் நின்று, யார் எத்தனை அடி நடந்தார்கள் என்று பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு மேலே ஏறினாள்.

அடுத்த மழைக்காலத்தின் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை, நாலு வருடமாகப் படுத்துக் கிடந்த லாரி டிரைவர் ஒருவர் கையில் மடித்த விரிப்போடு பதினேழு படி ஏறி மாடிக்கு வந்தார். நடுவில் மூன்று இடத்தில் நின்றார். யாரும் பிடிக்கவில்லை. படிக்குக் கீழே இளையவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள்.

‘இது இனிமே வேண்டாம்க்கா. எழுந்து போய்க்கிறேன். வேற யாருக்காவது குடுங்க’ என்றார் டிரைவர்.

நாலு வருடம், வாரம் ஆறு நாள், அந்த வீட்டு விரிப்பைத் துவைத்தது விரிப்பக்கா. அதன் ஓரத்தில் எந்த இடத்தில் நூல் பிரியும் என்று அவளுக்குத் தெரியும். இவரை எழுப்பி நடக்கவிட்டவள் கீழே நிற்கிறாள். விரிப்பக்காவுக்குக் கண் கலங்கியது. இப்படி ஒருத்தரையாவது நான் எழுப்பியிருப்பேனா என்று வயிறு திகுதிகுவென்று பற்றி எரிந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன. அவளுக்குப் பின்னால் அப்போதுதான் பிழிந்து போட்ட எட்டுக் கொடி விரிப்புகளும் ஒரே மூச்சில் வெளுத்துக் காய்ந்தன. டிரைவர் ஈரம் போன தன் சட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, ‘நல்ல சூடுக்கா’ என்றார்.

அவள் அவரை ஸ்டூலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். பட்டியலை எடுத்து அதில் அவர் வீட்டைக் கோடு போட்டு அடித்தாள். பிறகு உள்ளே பார்த்து, ‘அடுத்த மெஷினைத் திறங்கம்மா, எரியிறப்பவே போட்டு எடுத்துடலாம்’ என்று குரல் கொடுத்தாள்.