தழும்போடு ஒரு படம்

"மூஞ்சி ஆண்டவன் குட்த்தது, படம் பாண்டுரங்கன் குட்த்தது" என்று உத்திரமேரூர் கடைத்தெருவில் ஒரு பேச்சு உண்டு. கேலியாகச் சொன்னார்களோ, மெச்சித்தான் சொன்னார்களோ, பாண்டுரங்கன் அதை மெச்சுதலாகவே எடுத்துக்கொண்டார். எண்பத்திரண்டாம் வருடம் மாசி மாதம் அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. ஸ்டூடியோ வைத்து முப்பத்து மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. செய்த வேலையை நினைத்துப் பார்த்தால் குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை.

தொடங்கிய காலத்தில் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு மேகம் விலகக் காத்திருக்க வேண்டும். "மூச்ச அடக்கு" என்று சொன்னால் போதும், "விடு" என்று சொல்ல மறந்தால் முகம் சிவக்கும்வரை அடக்கிக்கொண்டிருந்த விவசாயிகள் உண்டு. மாப்பிள்ளைகளுக்கென்று ஸ்டூடியோவில் ஒரே ஒரு கோட்டு இருந்தது. அதன் முதுகை நடுவில் கிழித்துவிட்டிருந்தார். ஒல்லியானவனுக்கு ஊக்கு மாட்டி இழுப்பார், பருத்தவனுக்கு அப்படியே விரியவிடுவார். சுற்று வட்டாரத்தில் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் அந்த ஒரே கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

ஆனால் அவருடைய உண்மையான பெருமை காமிராவில் இல்லை, பென்சிலில் இருந்தது. அந்தக் காலத்தில் நாலு முகத்தில் ஒன்றில் அம்மைத் தழும்பு இருக்கும். நெகட்டிவில் அந்தக் குழிகள் வெளுப்புப் புள்ளிகளாகத் தெரியும். ஜன்னலோரம் சாய்வாக வைத்த கண்ணாடியில் நெகட்டிவைப் பொருத்தி, ஊசிபோல் சீவிய பென்சிலால் ஒவ்வொரு புள்ளியையும் நிரப்புவார். அச்சுப் போட்டால் முகம் வழித்தெடுத்த மாவுபோல் இருக்கும். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் கேட்டதில்லை. யாரும் கேட்கவேண்டாம் என்பதற்காகவே அவர் செய்தார். தழும்பைப் பற்றி வாய் திறக்காமல் தழும்பை எடுத்துவிடுவது ஒரு மரியாதை என்று நினைத்தார்.

அந்த மாசியில் ஒரு திங்கட்கிழமை கோவிந்தம்மாள் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நாலு மைலில் ஒரு கிராமம், கொஞ்சம் நிலம். மகள் ஞானசுந்தரிக்கு இருபத்தைந்து வயது, பால்வாடியில் டீச்சர். கன்னம் முழுக்க, நெற்றியில், மூக்கு நுனியில்கூட அம்மைத் தழும்பு. ஓரிக்கையில் ஒரு மாப்பிள்ளை வீடு இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தரகர் தாமோதரன் ஜாதகத்தோடு படத்தையும் எடுத்துப்போக வேண்டும்.

ஸ்டூலில் உட்கார்ந்ததும் அந்தப் பெண் சொன்னாள்: "நைனா, தழும்ப எடுக்கக் கூடாது. எப்பிடி கீறனோ அப்பிடியே வரணும்."

"எல்லாரும் எடுக்கச் சொல்லுவாங்கம்மா."

"நான் வெக்கச் சொல்றேன்."

"சரிம்மா" என்றார். முன்பக்கம் இரண்டு விளக்கையும் போட்டுப் படம் எடுத்தார். மகள் தெருவில் இறங்கியபிறகு கோவிந்தம்மாள் குடையை மறந்துவிட்டதுபோல் திரும்பி வந்தாள். "அண்ணா, அது அப்பிடித்தான் சொல்லிக்கினு கெடக்கும். நீ வழக்கம்போல பண்ணிடு" என்று கிசுகிசுத்தாள். அவளுக்கும் சரி என்று தலையாட்டினார்.

மறுநாள் நெகட்டிவை ஜன்னல் கண்ணாடியில் வைத்தபோது ஒரு நடுவழி கண்டுபிடித்தார். நெற்றியில் இருக்கும் நாலை மட்டும் எடுத்துவிடலாம், மகளுக்கும் தெரியாது, தாய்க்கும் ஆறுதல். நாலை நிரப்பினார். நாலு போனதும் ஐந்தாவது உறுத்தியது. அதையும் நிரப்பினார். ரேடியோவில் நாகஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். கச்சேரி முடிந்து அவர் தலை நிமிர்ந்தபோது முகத்தில் ஒரு புள்ளிகூட மிச்சமில்லை. வேலை நன்றாகவே வந்திருந்தது. அப்படியே அச்சுப் போட்டார்.

வியாழக்கிழமை காலை ஞானசுந்தரி தனியாக வந்தாள். உறையைப் பிரித்துப் பார்த்தாள்.

"யாரு நைனா இது?"

"நீதாம்மா."

"சோக்கா கீறா. எந்த ஊரு பொண்ணு?"

உள் அறையில் படங்களை அட்டையில் ஒட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி ராணியம்மாள் பசைக் கையோடு எட்டிப் பார்த்தாள். பாண்டுரங்கன் அந்தப் பக்கம் பார்க்காமல், "உங்கம்மாதான் சொன்னாங்க. நல்லதுக்குத்தானேம்மா" என்றார்.

"எந்த நல்லதுக்கு?" ஞானசுந்தரியின் குரல் உயரவில்லை. "மொத தபா பொண்ணு பாக்க வந்தாங்களே, அந்த அத்தைக்காரி இன்னா கேட்டா தெரியுமா? நான் காப்பித் தட்டோட நிக்கறேன். 'இது அக்காவா? போட்டோல கீற பொண்ணக் கூப்டுங்க'ன்னா. எனக்குத் தங்கச்சியே கெடையாது. ரெண்டாவது தபா வந்தவங்க ஒண்ணும் கேக்கல. படத்த ஒரு பார்வ, என்ன ஒரு பார்வ. ரெண்டு தட்டு கேசரி துன்னுட்டு கடுதாசி போடறோம்னு பூட்டாங்க. இப்போ மூணாவது. தெருவே வந்து நிக்கும் வேடிக்க பாக்க. எங்கம்மாவுக்குப் புரியல. உனக்குமா?"

"அந்தப் படமெல்லாம் யாரு எடுத்தாங்க?"

"நீதான்."

அவர் நம்பவில்லை. "என் கண்ணுல ஒரு தபா பட்ட மூஞ்சி மறக்காதும்மா" என்றார். அவள் வருடத்தைச் சொன்னாள். எழுபத்தொன்பது, ஆவணி. எண்பத்தொன்று, தை. பெட்டிகளை இறக்கி, வெண்ணெய்த்தாள் உறைகளைப் புரட்டினார். இரண்டும் இருந்தன. புது நெகட்டிவோடு சேர்த்து மூன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். சாய்த்தால்தான் பென்சில் பட்ட இடம் பளபளக்கும். மூக்கு நுனியில் ஒன்று, இடது கன்னத்தில் வளையமாக ஏழு. மூன்றிலும் அதே இடங்கள், அதே அழுத்தம். குழிகளை அவருக்குத் தெரிந்திருந்தது. பெண்ணைத் தெரியவில்லை. மூன்று முறை எதிரில் உட்காரவைத்திருக்கிறார், மூன்று முறையும் புது ஆள்போல் பேர் கேட்டிருக்கிறார்.

"மூணு தபா வந்த பொண்ண தெரியல" என்றாள் ராணியம்மாள். "பேச்சு மட்டும், ஊருல ஒரு மூஞ்சியும் மறக்கமாட்டாராம்."

அவர் நெகட்டிவ்களைத் திரும்ப உறையில் போட்டார். கோட்டு போட்ட மாப்பிள்ளைகளும், பின்னலை முன்னால் போட்ட பெண்களும் வரிசையாக நினைவுக்கு வந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் காப்பித் தட்டோடு இப்படி நின்றிருப்பார்கள்? பலருக்கு நல்லதும் நடந்திருக்கும். ஆனால் யாருக்கு எது நடந்தது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. எண்ண ஆரம்பித்தால் முடியாது என்று தோன்றியது. எதிரில் இருப்பது ஒருத்தி, நாளை சாயங்காலம் தரகர் வருகிறார். அதுதான் கணக்கு.

"டர்பன்டைன் போட்டா பென்சில் பூடும்" என்றார். "ஆனா வெளக்கும் தப்பு. தழும்பு தெரியக் கூடாதுன்னுதான் முன்னாடி ரெண்டு வெளக்கு வெப்பேன். உக்காரும்மா. வேற எடுக்கறேன்."

ஒரு விளக்கை அணைத்தார். மற்றதைப் பக்கவாட்டில் தள்ளினார். தழும்புகள் ஒவ்வொன்றும் எழுந்து நின்றன. அதிகமாகிவிட்டது. விளக்கைப் பின்னுக்கு இழுத்தார், உயர்த்தினார், வேட்டித் துண்டு ஒன்றை முன்னால் தொங்கவிட்டார். எங்கே வைப்பது என்று கைக்குத் தெரியவில்லை. முதல் வருடத்தில் இப்படித் தடுமாறியது, அதற்குப்பிறகு இன்றுதான். அந்தத் தடுமாற்றம் அவருக்குக் கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

"இன்னாங்க, வெளக்க நவுத்தி நவுத்தி ஊர்க் கொளத்துக்கே இட்டுனு போறீங்களா?" என்றாள் ராணியம்மாள்.

ஞானசுந்தரிக்குச் சிரிப்பு வந்தது. வாய்விட்டு அல்ல, வகுப்பில் ஒரு பிள்ளை ஏதாவது சொன்னால் டீச்சர் அடக்கிக்கொள்வாளே, அந்தச் சிரிப்பு. பாண்டுரங்கன் காமிராப் பொத்தானை அமுக்கினார்.

வெள்ளிக்கிழமை காலையில் அச்சுப் போட்டார். சிவப்பு விளக்கின் கீழ், தட்டில் கிடந்த காகிதத்தில் முதலில் கண்கள் வந்தன. பிறகு தழும்புகள் ஒவ்வொன்றாக வந்தன, அவற்றோடு சேர்ந்து கன்னமும் வந்தது. வழித்தெடுத்த மாவு இல்லை இது. தினமும் முப்பது பிள்ளைகளோடு கத்திப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் ஒரு பெண். இனி இவளைத் தேரடிக் கூட்டத்தில் பார்த்தாலும் அடையாளம் தெரியும்.

மதியம் அவள் வந்தாள். வெகுநேரம் பார்த்தாள். "இது நான்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு, உறையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவக் கொஞ்சம் மஞ்சள்பொடி கேட்டாள். ராணியம்மாள் கொண்டுவந்து கொடுத்தாள்.

இரண்டு வாரம் அவருக்கு அந்த நினைப்பாகவே இருந்தது. பஸ் நிற்கும் ஒவ்வொரு தடவையும் தெருவைப் பார்த்தார். கடைசியில் தாயும் மகளுமாக வந்தார்கள்.

"வேணாம்னுட்டாங்க, நைனா" என்றாள் ஞானசுந்தரி. "படத்தப் பாத்துட்டு கடுதாசி போட்டுட்டாங்க."

அவர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "என்னாலதாம்மா."

"ஆமா, உன்னாலதான். வூட்டு வாசல மிதிக்காமயே வேணாம்னாங்க. காப்பித் தட்டு இல்ல, கேசரி இல்ல, தெருவே கூடி நிக்கல. இந்தப் பேஜாரெல்லாம் ஒரு கார்டோட முடிஞ்சுது. அன்னிக்கு நான் பாட்டுக்கு பால்வாடிக்குப் பூட்டேன். நீ ஏன் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு கீற?"

அவர் தயங்கிக் கோவிந்தம்மாளைப் பார்த்தார். இந்தமுறை அவள் கிசுகிசுக்கவில்லை.

"ஏனாத்தூர்ல ஒண்ணு, புள்ளலூர்ல ஒண்ணு, இன்னும் தரகர் கையில நாலு ஜாதகம் கீது" என்றாள். "ஆறு காப்பி போடுண்ணா. இதே படம். பாத்துட்டு வர்றவன் வரட்டும்."

"ஏழா போட்டுக்கறேன்" என்றார் பாண்டுரங்கன். "ஒண்ணு வாசல் கண்ணாடிப் பொட்டியில வெக்கட்டாம்மா? உனக்குச் சம்மதம்னா."

ஞானசுந்தரி கொஞ்சம் யோசித்தாள். "எனக்கு ஒண்ணு அமையற வரைக்கும் வெச்சிக்கோ. அப்புறம் ஜோடியா வந்து குந்தறோம், அந்தப் படத்த மாத்தி வெய்யி."

"கோட்டு வேணுமா மாப்பிள்ளைக்கு?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் ராணியம்மாள்.

"அவரு எப்பிடி கீறாரோ அப்பிடியே வரட்டும்" என்றாள் அவள். பாண்டுரங்கன் சிரித்துக்கொண்டே எழுந்து, ஏழு காகிதம் எண்ணி எடுத்துக்கொண்டு இருட்டறைக்குள் போனார்.