ஏழு வீட்டு வரிசை

மாதா கோயில் கீபோர்ட்டை ஃபாதர் என் தலையில் கட்டிவிட்டார். சுரத்தை அரைப்படி உயர்த்தும் ஷார்ப் குறிகளின் வரிசை, எஃப், சி, ஜி, டி, ஏ, ஈ, பி, மண்டையில் ஏறவே இல்லை. எரிச்சலில், இந்திய அகதி முகாமிலிருந்து எங்கள் தாழ்வுபாட்டு ஒழுங்கைக்கு எங்களுக்கு முன்பே திரும்பிய ஏழு வீட்டாரையும், வந்த வரிசையிலேயே எழுத்துக்கு ஒருவராக வைத்துப் பாடமாக்கினேன்.

என் கணவர் யாகப்பர் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு சோதித்தார்.

“ஈ மேஜர் ஸ்கேல்? முதல் நாலு ஷார்ப்.”

“எஃப், சி, ஜி…”

“நாலாவது, அருளம்மாவை விட்டிட்டீர்.”

“அவவோட எனக்குக் கதையில்லை.”

“கதைக்க வேண்டாம், டியை வாசியும். சரி, சி மேஜர்?”

“அதுக்கு ஒரு குறியும் இல்லை. ஒருதற்ற வீட்டுக்கும் போகத் தேவையில்லை. எங்கட வீட்டிலேயே இருக்கலாம்.”

போன மாதம் போட்ட கூரையை அவர் அண்ணாந்து பார்த்தார்.

“அப்ப ஞாயிற்றுக்கிழமை அதிலயே வாசியும்.”