திருத்தப்பட்ட பதினேழு

சர்க்கார் அச்சில் போட்டுவிட்டால் செத்தவன்கூட எழுந்து உட்கார வேண்டியதுதான். சென்னையிலிருந்து அச்சாகி வந்த சுகாதார அறிக்கை, சேரன்மகாதேவிக்குக் கிழக்கே ஆற்றோர வட்டாரத்தில் 1908-இல் அம்மை கண்டு இறந்தவர் எவரும் இல்லை என்றது. அதை நம்பி, அம்மை வராமல் குத்தும் மருந்தான அம்மைப்பால் இனி வேறு வட்டாரங்களுக்கு மட்டுமே என்ற உத்தரவும் பின்னாலேயே வந்தது.

அம்மை குத்தும் அப்பாத்துரைக்கு அது பொறுக்கவில்லை. அந்த வட்டாரத்து வடகரையூரில் போன கோடையில் வேப்பிலை செருகாத வாசலே இல்லை. நேரே கிராம முன்சீப் ஆவுடைநாயகத்திடம் போனார். ஊரில் சாவைப் பதிந்து மேலே அனுப்புவது முன்சீப் வேலை.

"அண்ணாச்சி, ஒரு சாவைக்கூட எழுதலையே?"

"எப்படிவே எழுத? ஆத்தா எடுத்துக்கிட்டவங்களை, அவளுக்குக் கொடைத் திருவிழா கழியுமுன்னே செத்தாங்கன்னு சொல்லலாமா? வெள்ளத்துல பயிர் போச்சு, கொடையும் நின்னுபோச்சு. கொடை நடக்கட்டும், எழுதுதேன்."

"அதுக்குள்ள அடுத்த கோடை வந்துருமே! பால் இல்லாம மிச்சப் பிள்ளைகளை எப்படிக் காப்பாத்த?"

"ஆத்தா எடுத்துக்கிட்டதுல என் தம்பி மகனும் உண்டுவே," என்றார் முன்சீப். "ஆத்தா சந்நிதியில வந்து பெத்தவ ஒருத்தி சொல்லட்டும். எழுதுதேன்."

அப்பாத்துரை தெருத் தெருவாகச் சொல்லிவிட்டு வந்தார். வெள்ளிக்கிழமை காலை கோயில் வாசலில் முன்சீப் காகிதத்தோடு உட்கார்ந்தார். ஊரே கூடியது, ஆனால் வாய் திறப்பார் இல்லை. அம்மன் கோபத்தை யார் விலைக்கு வாங்குவார்கள்?

அப்போது இசக்கியம்மா முன்னால் வந்தாள். மூத்த மகளை அம்மைக்குக் கொடுத்தவள். இடுப்பில் இளைய மகன். அவள் முன்சீப்பைப் பார்க்கவில்லை, அம்மனைப் பார்த்தே பேசினாள்.

"ஆத்தா, நீ எடுத்துக்கிட்ட பிள்ளை, ஒனக்குத் தெரியும். தெரியாதவங்களுக்குத்தான் சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதே. பேரு உலகம்மாள், வயசு நாலு. எழுதும்யா."

ஊர் அம்மன் முகத்தையே பார்த்தது. ஒன்றும் ஆகவில்லை. கூட்டத்தின் பின்னாலிருந்து இன்னொருத்தி ஒரு பெயர் சொன்னாள். அப்புறம் இன்னொருத்தி. ஒப்பாரி இல்லை, கண்ணீர் இல்லை, பெயர்கள் மட்டும் வந்துகொண்டே இருந்தன. கடைசிப் பெயரை முன்சீப்பே உரக்கச் சொல்லி எழுதினார். அப்பாத்துரை எத்தனையோ தேரோட்டம் பார்த்தவர்தான். இப்படி மெய் சிலிர்த்து அவர் எங்கேயும் நின்றதில்லை. தன்னை அறியாமல் அந்தப் பெண்களை நோக்கிக் கைகூப்பினார்.

காகிதம் மேசை மேசையாக நகர்ந்து மேலே போனது. நல்லவேளை, கோடை வெயில் ஏறுமுன்னே அம்மைப்பாலும் வந்தது, அறிக்கையில் ஒட்ட அச்சடித்த பிழைதிருத்தத் துண்டும் வந்தது. அம்மைப்பால் குத்திக்கொள்ள முதல் ஆளாய் மகனைத் தூக்கிக்கொண்டு வந்தவள் இசக்கியம்மா. அப்பாத்துரை அந்தத் துண்டை அவளிடம் காட்டினார்.

"இதுல எங்கன இருக்கா என் மக?"

அதில் பெயர் ஒன்றும் இல்லை. 'இல்லை' என்று இருந்த இடத்துக்கு 'பதினேழு' என்று மட்டும் போட்டிருந்தது.

"இந்தப் பதினேழுல ஒண்ணு அவ, தாயி. அவ பேரை நீ சொல்லாம இருந்திருந்தா மத்தப் பதினாறும் இல்லை."

இசக்கியம்மா அந்த எண்ணை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு திமிறிய மகனை மடியில் இறுக்கி, அவன் கையைப் பிடித்து நீட்டினாள்.