நாற்பது நாள் சித்தி

அந்தச் சனிக்கிழமை காலை நூல்நிலையத்தில் இருந்தவர்கள்: அதை நடத்தும் என் அக்கா, மேசைக்கு அடியில் அவள் மகள் சில்வண்டு, செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிய ஒரு லாரி ஓட்டுநர், கண்ணாடிக் கடைக்காரி, நான்.

பிறகு அக்கா விசாரணை வைத்தபோது, அன்றும் தூங்க வந்திருந்த ஓட்டுநர் தனக்கு எதுவும் காதில் விழவில்லை என்றார். சில்வண்டு, தனக்கு எல்லாமே விழுந்தது என்றாள். அக்கா அந்த நேரத்தில் பின்னறையில் அலமாரிகளுக்குப் பூச்சி மருந்து அடித்துக்கொண்டிருந்தாள். ஆகவே பழி முழுவதும் என் தலையில் வந்து விடிந்தது. விடிய வேண்டியதுதான்.

டயர் கடைக்கு மேலே இரண்டு அறைகள். எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் ரப்பர் வாசனை வரும். நான் அங்கே வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் பார்சல் பிரிக்கும் கிடங்கில் ராத்திரி வேலை. ஒன்றரை வருடம் பார்த்தேன். ஒரு நாள் பாதி வேலையில் கையுறைகளைக் கழற்றி ஓடுகிற பட்டையின் மேல் வைத்தேன். அவை பார்சல்களோடு பார்சலாகப் போய் மறைந்ததும் நானும் வெளியே வந்துவிட்டேன். ஏன் என்று கேட்டால் தூக்கம் வந்தது என்பேன். அதற்கு மேல் சொல்ல எனக்கும் தெரியாது. நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று அக்கா வீட்டுக்கு வந்தேன். ஒரு வாரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு அக்கா, "சுவத்தை முறைச்சது போதும். வந்து புத்தகத்தை முறை" என்று குழந்தைகள் அலமாரியை என்னிடம் ஒப்படைத்தாள்.

எல்லாவற்றையும் படித்தேன். அதிகம் கைமாறியது பெண்பிள்ளைகளும் அவர்கள் வீடும் பற்றிய நாவல்கள்தான். மூன்று சகோதரிகள் ஒரே குடைக்காக மழைக்காலம் முழுவதும் அடித்துக்கொள்ளும் கதை. கிரேன் ஓட்டும் அம்மாவுக்குத் தினமும் மதியச் சாப்பாடு கொண்டுபோகிறவளின் கதை. அறையை விட்டு வெளியே வராத அண்ணனுக்குக் கதவுக்கு அடியில் கடிதம் தள்ளுகிறவளின் கதை. ஒவ்வொன்றிலும் யாருக்கு ஏற்றது என்று ஒரு சீட்டு எழுதி வைத்தேன். "இதில் நாய் சாகாது. அப்பா திரும்பி வரமாட்டார். மற்றபடி நல்ல புத்தகம்." தாய்மார்கள் இரண்டு பேர் புகார் சொன்னார்கள். பிள்ளைகளோ முதலில் சீட்டைத்தான் படித்தார்கள்.

அக்காவுக்கு ஒரே ஒரு விதி உண்டு. புத்தகம் கேட்டு வருகிறவர்களிடம் குழந்தைக்கு என்ன வயது என்று முதலில் கேட்கக் கூடாது. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். கேட்டு, உறுப்பினர் அட்டையில் எழுதவும் வேண்டும். அன்று நான் கேட்கவில்லை.

கண்ணாடிக் கடைக்காரி மூன்று தெரு தள்ளி இருக்கும் கடையில் கண் பரிசோதிப்பவள். நாள் முழுவதும் "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா" என்று கேட்பவள், தனக்கு வேண்டியதைச் சொல்லத் தடுமாறினாள். செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்து ஒன்றை மட்டும் கழற்றிவிட்டு நின்றாள்.

"பத்து வயசுப் பொண்ணுக்கு ஒரு கதைப் புத்தகம் வேணுங்க. சித்தி வர்ற கதை."

"எப்படிப்பட்ட சித்தி?"

"நல்ல சித்தி. கொடுமை கிடுமை எல்லாம் வேண்டாம். பொண்ணுக்குப் பிடிச்சுப்போகணும்."

கொடுமை என்ற சொல்லிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. "சித்தியைப் பிடிக்காம போகுமா?" என்றேன், நானும் ஒரு சித்தி என்ற திமிரில்.

"எல்லாச் சித்தியையும் பிடிக்காது" என்றது மேசைக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

"ஜன்னல் நாற்காலி" என்ற நாவலை எடுத்துக் கொடுத்தேன். அம்மாவின் தங்கை விடுமுறைக்கு வருகிறாள். பெண் தன் ஜன்னலோர நாற்காலியைச் சித்திக்கு விட்டுக்கொடுக்கிறாள். இருவரும் யாரையும் கேட்காமல் குளியலறைக்கு நீலச் சாயம் அடிக்கிறார்கள், திட்டு வாங்குகிறார்கள். நாற்பதாவது நாள் சித்தி ரயில் ஏறிவிடுகிறாள். பெண் மறுபடி தன் நாற்காலியில் உட்கார்ந்து, பள்ளியில் கொடுத்த வீட்டுக்கணக்கைப் போடுகிறாள். அழுகை இல்லை. அதனாலேயே எனக்குப் பிடித்த புத்தகம்.

"நீங்களும் ஒரு தடவை படிச்சுப் பாருங்களேன்" என்றேன்.

"சாயங்காலம் ஆனா எழுத்தெல்லாம் எறும்பா ஓடுது. எனக்கே கண்ணாடி போடணும். எனக்கு யாரு பரிசோதிக்கிறது?" என்று சிரித்துக்கொண்டே பையில் போட்டுக்கொண்டு போனாள்.

மூன்று வாரம் கழித்து, இன்னொரு சனிக்கிழமை, ஒரு டப்பா பிஸ்கட்டோடு வந்தாள். இந்த முறை இரண்டு செருப்பையும் கழற்றினாள்.

"உங்க கைராசிங்க. அலமாரில மேல் ரெண்டு தட்டையும் எனக்காகக் காலி பண்ணிக் கொடுத்துட்டா. சாப்பாட்டு மேசைல ஜன்னல் பக்கம் அவளோட நாற்காலி, அதையும் எனக்கே தந்துட்டா. எந்தக் குழாய்ல சுடுதண்ணி வராதுன்னு காட்டிக் கொடுத்தா. நேத்து கடைக்குக் கிளம்பறேன், பின்னாடியே ஓடி வந்து, சித்தி, குடைன்னு..."

டப்பாவை மேசையில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு இந்த மாதிரி நேரங்களில் எங்கே பார்ப்பது என்று தெரியாது. மின்விசிறியைப் பார்த்தேன்.

அக்காதான் கேட்டாள். "யாரு பொண்ணும்மா?"

"எங்க வீட்டுக்காரர் பொண்ணு. அவர் லிஃப்ட் மெக்கானிக். பொண்ணோட அம்மா தவறி நாலு வருஷம் ஆச்சு. மூணு வாரம் முன்னாடி, ஒரு புதன்கிழமை, பதிவு அலுவலகத்துல கையெழுத்துப் போட்டோம். பொண்ணு அன்னைக்கு ஸ்கூல்ல. இப்படியே இன்னொரு புத்தகம் இருந்தா எடுத்து வைங்க, திங்கக்கிழமை வந்து வாங்கிக்கறேன்." மணியைப் பார்த்துவிட்டு ஓடிப்போய்விட்டாள்.

அவள் படி இறங்கும் சத்தம் அடங்கியது. சில்வண்டு டப்பாவைத் திறந்தபடி சொன்னாள்: "பாவம். பத்தாம் தேதி போயிடுவாங்க."

"யாரு?"

"வக்கீல் வீட்டுச் சித்தி."

அந்தப் பெண்ணும் சில்வண்டும் ஒரே வகுப்பு. எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் அவளுக்கு வக்கீல் என்று பெயர்.

"ஏன் போகணும்?"

"நாப்பது நாள் ஆகுதுல்ல. நோட்டுக்குப் பின்னாடி கட்டம் போட்டு ஒவ்வொண்ணா அடிச்சிட்டு வர்றா. இருக்கற வரைக்கும் நல்லா கவனிச்சுக்கணும், அதான் முறைன்னு சொன்னா. எங்க சித்தியும் நாலு நாள்னுதான் வந்துச்சு, இன்னும் போகலன்னு சொன்னேன். அதுக்கு அவ, அது சித்தியோட தப்பு இல்ல, நீங்க ரயிலேத்தி விடலன்னு சொல்லிட்டா."

அக்கா கையிலிருந்த பூச்சி மருந்துக் குப்பியைக் கீழே வைத்தாள். அப்போதுதான் அந்த விசாரணை நடந்தது. ஐந்து நிமிடத்தில் முடிந்தது. அம்மாவின் தங்கையும் சித்தி, அப்பாவின் இரண்டாவது மனைவியும் சித்தி. முதலாமவள் பெட்டியோடு வருவாள், பெட்டியோடு போவாள். இரண்டாமவள் போகமாட்டாள். கண்ணாடிக் கடைக்காரி ஒரு சித்தியைக் கேட்டாள், நான் இன்னொரு சித்தியைக் கொடுத்தேன். பெண் நான் கொடுத்த சித்தியை நம்பி நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

"பத்தாம் தேதி காலைல அந்தப் பொண்ணு பெட்டிய எடுத்து வாசல்ல வைப்பா" என்றாள் அக்கா. "அன்னைக்கு அவ மூஞ்சி எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாரு. பெட்டியப் பார்க்கறவ மூஞ்சியும்."

"அப்பன்காரன் சொல்லியிருக்க வேண்டாமா?"

"அவன் என்ன செஞ்சானோ. புத்தகம் கொடுத்தது நீ. நீயே போய்ச் சொல்லு."

மாலை ஐந்து மணிக்கு வக்கீல் வீட்டுக்குப் போனேன். நாலாவது மாடி. லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை. மூச்சு வாங்க ஏறினேன். கதவைத் திறந்தது வக்கீல்தான், அதுவும் பாதி. கையில் கோடு போடும் அடிக்குச்சி.

"புத்தகம் திருப்பித் தர இன்னும் நாலு நாள் இருக்கு" என்றாள்.

"அதுக்கு வரல. தப்பான புத்தகத்தைக் கொடுத்துட்டேன். சொல்ல வந்தேன்."

"நல்லாத்தானே இருந்துச்சு."

"புத்தகம் நல்ல புத்தகம்தான். சித்திதான் வேற."

உள்ளே அவளுடைய அப்பா ஒரு மிக்ஸியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். கடைசி வார்த்தை காதில் விழுந்ததும் திருப்புளியோடு எழுந்து வந்தார். குரலைத் தாழ்த்தி, "நாமளே மெதுவா சொல்லிக்கலாம்னுதான்..." என்றார்.

"மூணு வாரமா மெதுவாத்தானே சொல்லிட்டிருக்கீங்க. இப்ப நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

அவர் திருப்புளியின் முனையைப் பார்த்தார்.

நான் சொன்னேன். "அவங்க உங்க அம்மாவோட தங்கச்சி இல்ல. உங்க அப்பாவைக் கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க. அவங்களையும் சித்தின்னுதான் சொல்றது. பத்தாம் தேதி போகமாட்டாங்க. பதினொண்ணாம் தேதியும் போகமாட்டாங்க."

பிள்ளைகளிடம் இப்படியா பேசுவது என்று கேட்கலாம். எனக்கு வேறு விதமாகப் பேச வராது.

வக்கீல் என்னை விட்டுவிட்டு அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"அம்மாவுக்குத் தங்கச்சியான்னு கேட்டேன்ல?"

"கேட்ட."

"அந்த மாதிரிதான்னு சொன்ன."

"சொன்னேன்."

"எந்த மாதிரி?"

அவர் திரும்பி மிக்ஸியைப் பார்த்தார். நூறு லிஃப்டுக்குள் பயமில்லாமல் தலையை விட்ட மனிதர்.

"நாற்காலிய நாப்பது நாளைக்குத்தான் கொடுத்தேன்" என்றாள் வக்கீல். "தட்டும் அப்படித்தான். எப்பவும்னு தெரிஞ்சிருந்தா யோசிச்சிருப்பேன். யாரும் என்னைக் கேக்கல."

அது உண்மை.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கண்ணாடிக் கடைக்காரி, ஒரு கையில் காய்கறிப் பை, மறு கையில் ரொட்டி. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "திங்கக்கிழமை நானே வந்து வாங்கிக்கறேன்னு சொன்னேனே. இதுக்காக நாலு மாடி ஏறி வந்தீங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் வக்கீல் ஆரம்பித்துவிட்டாள்.

"நீங்க எப்ப உங்க வீட்டுக்குப் போறீங்க?"

"எந்த வீட்டுக்குடா?"

"நீங்க முன்னாடி இருந்த வீடு."

"அதைக் காலி பண்ணிட்டேனே. சாவியக்கூடக் கொடுத்தாச்சு."

"நாப்பது நாள் ஆனா போவீங்கன்னு நினைச்சேன். புத்தகத்துல போயிட்டாங்க."

கண்ணாடிக் கடைக்காரி என்னைப் பார்த்தாள். "நான் கொடுத்தது லீவுக்கு வர்ற சித்தி கதை" என்றேன். "நீங்க கேட்டது எனக்குப் புரியல. கேக்க வேண்டிய கேள்விய நான் கேக்கல. தப்பு என்னோடது."

அவள் பையைக் கீழே வைத்தாள். மூன்று வாரமாகச் சேர்த்து வைத்ததை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. தட்டு, நாற்காலி, குழாய், குடை. எல்லாம் விருந்தாளிக்குச் செய்தது.

"நீ சித்தின்னு கூப்பிட்டியேடா."

"சித்தின்னு சொன்னாங்க. சித்தின்னுதானே கூப்பிடுவேன்?"

"சரிதான்" என்றாள் அவள். வாசல் மிதியடிக்கு இந்தப் பக்கமே நின்றாள். உள்ளே போகவில்லை. "எனக்குத் தெரியல. உனக்குத் தெரியும்னு நினைச்சுட்டேன். ஒண்ணு செய்யறேன். நாலு நாள் எங்க அண்ணன் வீட்டுல இருந்துட்டு வரேன். நீ யோசிச்சுச் சொல்லு. அவசரமே இல்ல."

வக்கீலின் அப்பா, "அதெல்லாம் எதுக்கு" என்று ஆரம்பித்தார். "நீங்க சும்மா இருங்க" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். சொல்லிவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கீழ் மாடியில் யாரோ பாத்திரம் கழுவினார்கள்.

"அண்ணன் வீட்டுல எங்க உட்காருவீங்க?" என்று கேட்டாள் வக்கீல்.

"எங்க இடம் இருக்கோ அங்க."

"உங்களுக்குன்னு நாற்காலி இல்லையா?"

"இல்ல. அண்ணிக்கு மூணு பசங்க."

வக்கீல் அடிக்குச்சியால் கதவைத் தட்டிக்கொண்டே யோசித்தாள். வீட்டுக்கணக்குக்கு யோசிப்பது போலத்தான், விடை வரும் வரை முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"நாற்காலி ஒரு வாரம் எனக்கு. ஒரு வாரம் உங்களுக்கு. இந்த வாரம் எனக்கு."

"சரி."

"ஒரு தட்டு திருப்பித் தரணும். மேல் தட்டு நீங்களே வச்சுக்கங்க, எனக்கு எட்டாது."

"சரி."

"அம்மா போட்டோவ யாரும் நகத்தக் கூடாது."

"நான் ஏன்டா நகத்தறேன்? தினமும் நான்தான் துடைக்கிறேன்."

"அதான் சொல்றேன். துடைக்கறப்ப நகருது."

"சரி. இனிமே நீ பிடிச்சுக்க, நான் துடைக்கிறேன்."

வக்கீல் குனிந்து காய்கறிப் பையின் ஒரு காதைப் பிடித்தாள். கனமாக இருந்தது. இன்னொரு காதை யாராவது பிடிக்க வேண்டும் என்பது போல நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடிக் கடைக்காரி ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மறுகாதைப் பிடித்தாள்.

"கொசு வருது. உள்ள வாங்க" என்றாள் வக்கீல்.

இருவரும் மிதியடியைத் தாண்டும்போது பை ஒரு பக்கம் சாய்ந்து ஒரு தக்காளி உருண்டது. அப்பா பாய்ந்து அதை எடுத்தார். அன்று அவர் செய்த முதல் உருப்படியான காரியம்.

நானும் உள்ளே போக ஒரு அடி எடுத்து வைத்தேன். வக்கீல் பையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"அடுத்த புத்தகம் நானே வந்து எடுத்துக்கறேன். நீங்க எதுவும் சொல்ல வேண்டாம்."

"சரிங்க" என்றேன்.

கதவை மூடினாள். தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு சாவி இரண்டு முறை திரும்பியது.