தச்சர் சொன்ன சேதி

தொலைநிலைக் கல்விப் பிரிவை மூடப்போகிறார்கள் என்பது அங்கே வேலை பார்த்தவர்களுக்கு ஒரு தச்சர் மூலமாகத்தான் தெரிந்தது. டேப்பை நீட்டிச் சுவரை அளந்துகொண்டிருந்தவர், "நீங்கள்லாம் எப்போ காலி பண்றீங்க? இங்க கம்ப்யூட்டர் லேப் வரப்போகுதாமே?" என்று பேச்சுவாக்கில் கேட்டார். விசைப்பலகைகளின் சத்தம் சட்டென்று அடங்கியது.

அந்த அறையில் சின்னுவும் இருந்தாள். நாற்பதைத் தாண்டிய பிறகும் வீட்டில் வைத்த செல்லப்பெயர் அலுவலகம் வரை வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. பல்கலைக்கழகத்தின் பதிவாளர் அவளுடைய அண்ணி. கணவருக்குக் கப்பலில் வேலை என்பதால், அவர் கடலில் இருக்கும் மாதங்களில் சின்னு அண்ணன் வீட்டில்தான் தங்குவாள்.

அன்று மாலை அவள் சாப்பாட்டு மேசைக்கு வரவில்லை. பதிவாளர் அவளுடைய அறைக்கே போய்ப் பார்த்தார். சின்னு துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"அண்ணி, எங்க பிரிவை மூடுறீங்களா?"

பதிவாளருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யார் சொன்னா?"

"யார் சொன்னா என்ன? நீங்க சொல்லலை."

"முடிவானதும் சுற்றறிக்கை அனுப்பலாம்னு இருந்தோம். அதுக்கு முன்னாடி உனக்கு மட்டும் எப்படிச் சொல்றது? சொந்தக்காரின்னு காதைக் கடிச்சேன்னு பேச்சு வராதா?"

"எனக்கு மட்டும் சொல்லச் சொல்லலையே. எல்லாருக்கும் சொல்லியிருக்கலாமே."

பதிவாளர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். இத்தனை நாளும் சொல்லவா வேண்டாமா என்று மனதுக்குள் அல்லாடியபோதெல்லாம் சின்னு ஒருத்தியைத்தான் நினைத்திருந்தார். அந்த அறையில் உட்கார்ந்திருந்த மற்றவர்கள் அவர் நினைப்பில் வரவே இல்லை.

மறுநாள் காலை துணைவேந்தரைப் பார்த்தார். "அரைகுறைச் சேதியைச் சொல்லி எதுக்கு எல்லாரையும் கலவரப்படுத்தணும்?" என்றார் அவர்.

"கலவரம் ஆயாச்சு சார். தச்சர் ஆரம்பிச்சு வச்சிட்டார். மிச்சத்தையாவது நாம சொல்லலாம்."

துணைவேந்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. ஆனா பொறுப்பு உங்களுது."

கூட்ட அரங்கு வேண்டாம் என்று பதிவாளர் அந்தப் பிரிவுக்கே போனார். விடைத்தாள் கட்டுகளை நகர்த்தி, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிரிவை மூடுவது முடிவாகிவிட்டது, வேலை யாருக்கும் போகாது, யார் எந்தத் துறைக்குப் போவது என்பது தனக்கே இன்னும் தெரியாது. மூன்றையும் அப்படியே சொன்னார்.

கணக்கர் எழுந்தார். வளாகத்தின் வதந்திகளெல்லாம் முதலில் அவரிடம் வந்துவிட்டுத்தான் மற்ற இடங்களுக்குப் போகும். அதனால் எல்லோரும் அவரை 'ரேடியோ' என்பார்கள்.

"உங்களுக்கு எப்போலேருந்து தெரியும் மேடம்?"

"ஒரு மாசத்துக்கு மேல இருக்கும்."

"அப்போ சின்னு மேடத்துக்கும் ஒரு மாசமா தெரியும். எங்களோடவே உட்கார்ந்து டீ குடிச்சிட்டு, ஒரு வார்த்தை சொல்லலை."

சின்னு தலையைக் குனிந்துகொண்டாள். அவளுடைய மேசையைச் சுற்றியிருந்த நாற்காலிகள் சற்றுத் தள்ளிப் போடப்பட்டிருந்ததைப் பதிவாளர் அப்போதுதான் கவனித்தார். நேற்று தச்சர் பேசியதிலிருந்தே அவள் இப்படித்தான் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். தன் மௌனத்துக்கான தண்டனையை வேறொருத்தி அனுபவித்திருக்கிறாள்.

"அவளுக்கு நான் சொல்லலை" என்றார். "உங்களோட சேர்ந்துதான் அவளும் தெரிஞ்சுக்கிட்டா. நேத்து என்கிட்ட சண்டைகூடப் போட்டா. உங்க எல்லாருக்கும் நான் முன்னாடியே சொல்லியிருக்கணும். தப்பு என்னுது."

ரேடியோ தொண்டையைச் செருமிக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தன. பாதிக்கு மேற்பட்டவற்றுக்குப் பதிவாளர் சொன்ன பதில், "தெரியலை, கேட்டுச் சொல்றேன்."

அதன் பிறகு வாரம் ஒருமுறை அங்கே போனார். சில வாரங்களில், "இந்த வாரம் புதுசா ஒண்ணுமில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்திருப்பார். ஆனால் அந்த வாரங்களில்தான் அவர்கள் அதிகம் பேசினார்கள். பிரிவின் தட்டச்சர் தன் மகளின் பள்ளிக்குப் பக்கத்துக் கட்டடத்திலிருந்த துறைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். மாணவர்களின் தேர்வு முடிவுகள் வெளிவந்த பிறகே பிரிவைக் கலைப்பது என்றும் முடிவானது. "மேடம் என் பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டாங்க. இப்போ என்கிட்ட சேதி கேட்க ஒருத்தரும் வர்றதில்லை" என்று ரேடியோ அலுத்துக்கொண்டார்.

என்றாலும் பிரிவு மூடப்பட்டது. சிலருக்குப் புது இடம் கடைசிவரை பிடிக்கவில்லை. சின்னு நூலகத்துக்குப் போனாள்.

ஒருநாள் சாப்பிடும்போது பதிவாளர் கேட்டார்: "அன்னைக்கு உன்கிட்ட மட்டும் ரகசியமா சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பே?"

சின்னு யோசித்தாள். "சந்தோஷப்பட்டிருப்பேன். அப்புறம் அவங்க மூஞ்சியில முழிக்க முடியாமத் தவிச்சிருப்பேன்."

"என் மேல கோபம் போயிடுச்சா?"

"முழுசா போகலை அண்ணி" என்றாள் சின்னு. "போனதும் சொல்றேன்."